ஒரு வாரம் மேட்டில், ஒரு வாரம் ஆற்றோரத்தில்

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: போதகர் மினாட், மேட்டுக் கோவில் மூப்பர் பெர்சிவல் டுல்லக், அவர் தங்கை அயனி, ஆற்றோரக் கோவிலின் வெர்னா கேல் அம்மாள். வேறு யாராவது தானும் இருந்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

தலைநகர் கிங்ஸ்டனில் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டு மேட்டார், ஆற்றோரத்தார் இரண்டு சபைகளையும் ஒன்றாக்கிவிட்டார்கள். எங்கள் மலையூரில் சிக்கல், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தில் வந்தது. மேட்டுக் கோவிலில் எல்லோருக்கும் ஒரே வெள்ளிக் கிண்ணம். டுல்லக்கின் தாத்தா கொடுத்தது. ஆற்றோரத்தில் ஆளுக்கொரு குட்டிக் கண்ணாடிக் குவளை. அதைத் தீர்க்கத்தான் அந்தக் கூட்டம்.

"ஊரே வாய் வெச்சதுல நான் வாய் வைக்கமாட்டேன்," என்றார் வெர்னா அம்மாள்.

"எங்க தாத்தா கிண்ணத்தையா எச்சில்னு சொல்றீங்க?" டுல்லக் எழுந்துவிட்டார். கிண்ணம் மேசையை விட்டு இறங்கினால் குடும்ப மானமும் இறங்கிவிடும் என்பது அவர் எண்ணம்.

"உக்காருங்கண்ணே. ஒவ்வொரு தடவையும் துடைச்சுத்தானே குடுக்கிறோம்," என்றாள் அயனி.

"ஒரே துணியில!" என்றார் வெர்னா அம்மாள்.

டுல்லக்கே வழி சொன்னார். ஒரு வாரம் மேட்டில் கிண்ணம், மறு வாரம் ஆற்றோரத்தில் குவளை.

மேட்டு ஞாயிறில் ஆற்றோரத்தார் வரவில்லை. ஆற்றோர ஞாயிறில் மேட்டார் போகவில்லை. ஊரே பாதிக் கிறிஸ்தவர்களாகிவிட்டது.

பிறகு டுல்லக் இரண்டு பக்கத்தாரையும் பள்ளிக்கூடத்தில் பொதுவாகக் கூட்டினார். வந்தவர்கள் நடுவில் வழி விட்டு இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். டுல்லக் விடவில்லை. மேட்டார் ஒருவர், ஆற்றோரத்தார் ஒருவர் என்று கலந்து பெஞ்சுகளில் பெயர் ஒட்டினார். அடுத்த ஞாயிறு பெயர்கள் இருந்தன, ஆட்கள் இல்லை. அயனிக்குக்கூட முழங்கால் வலியாம்.

காலி பெஞ்சுகளுக்கு நடுவே டுல்லக் போதகரைப் பார்த்தார். "கிண்ணத்தை விட்டுக்குடுத்திருக்கலாமோ, ஐயா?"

"இப்பக் கேக்கிறீங்களே, மூப்பரே."

சந்தைப் பக்கம் கூடாரம் போட்டுக் கைதட்டி ஜெபம் நடத்தும் பாஸ்டர் லாசெல்ஸ் அப்போது வாசலில் வந்து நின்றார்.

"மூப்பரய்யா, நாலஞ்சு பெஞ்சு இரவல் வேணும். ஆராதனை ஆரம்பிக்கப்போகுது, உக்கார இடமில்ல."

"எடுத்துட்டுப் போங்க பிரதர். எங்க ரெண்டு கூட்டமும் ஒண்ணா உக்காரவே உக்காராதுன்னு ஊரே பேசுது. இங்க எதுக்குப் பெஞ்சு?"

"யார் சொன்னா? சுத்தப் பொய்! எங்க கூடாரத்துல வெர்னா சிஸ்டரும் உங்க தங்கச்சியும் ஒரே நாற்காலியிலதான் இடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க."