வெள்ளை மைக்காரர்

பழைய படத்தைக் கண்டால் பல்வலிக்காரர்போல் கன்னத்தைப் பிடித்துக்கொள்ளும் ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். படம் வேறு யாரோ வரைந்ததென்றால் ரசிப்பார்கள். தாங்களே வரைந்ததென்றால் போச்சு. "அது அப்போ வரைஞ்சது சார்" என்பார்கள். நேற்று வரைந்ததும் 'அப்போ'தான்.

நம் ஸ்ரீதர் இந்த இனத்தின் கலப்படமற்ற மாதிரி. ஒரகடத்தில் பிரேக் பாகம் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். அங்கே வரும் மாத இதழுக்குச் சித்திரக்கதை வரைபவரும் அவரே. பகலெல்லாம் தேறாத பாகங்களுக்குச் சிவப்புச் சீட்டுக் கட்டிப் பழகிய கை வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்குமா? பழைய படக் கட்டை அவிழ்க்கும், மூக்கு நீளம் என்று முனகும், காது இடம் மாறிவிட்டது என்று பதறும், சூரியன் நிற்கிற பக்கமே நிழலும் விழுகிறதே என்று தலையில் அடித்துக்கொள்ளும், கடைசியில் வெள்ளை மைப் புட்டியைத் திறக்கும். நகலிலா திருத்துவார்? அசலில்தான். பிழையோடு ஒரு தாள் உலகத்தில் இருக்கக் கூடாது.

யாராவது பாராட்டிவிட்டால் இன்னும் மோசம். கேன்டீனில் லைன் ஆபரேட்டர் டில்லிபாபு அவருடைய பழைய சித்திரக்கதை ஒன்றைச் சொல்லிச் சிரித்தபோது, ஸ்ரீதர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, அந்தக் கதையில் வரும் பஸ்ஸின் சக்கரம் எவ்வளவு கோணல் என்று விளக்க ஆரம்பித்தார்.

"சிரிச்சது தப்பாண்ணே?" என்றார் டில்லிபாபு. "வாபஸ் வாங்கிக்கவா?"

இப்படிப்பட்டவர் கையில் அப்பா மாட்டிக்கொண்டார். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்ற கோதண்டராமன், போன வருஷம் இறந்துபோனார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரை வைத்து ஸ்ரீதர் வரைந்த முதல் கதையின் அச்சுப் பிரதி வெள்ளத்தில் ஊறிப்போய், அசல் தாள் மட்டும் மிச்சம். வருஷத் திதிக்கு அதையே சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்றார் அம்மா அம்சவல்லி. போட்டோவில் அவர் போலீஸ் பிடித்த ஆள்போல் நிற்கிறாராம்.

சொந்தக்காரர்கள் வருவார்கள். அந்தத் தாளோ, ஸ்ரீதர் கண்ணுக்குப் பிழைகளின் பொருட்காட்சி. தொப்பி குண்டான்போல் கண்வரை இறங்கிக் கிடக்கிறது. எல்லாக் கட்டத்திலும் ஒரு கை தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொங்கும் கையை வரையத் தெரியாத காலம் என்று முடிவுகட்டினார். அப்பாவை இந்தக் கோலத்திலா மாட்டுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தார். வெள்ளையைப் பூசினார். தொப்பியைப் பொருத்தினார். கைகளை இறக்கினார். வாழ்நாளில் முதன்முறையாகத் தன் படம் ஒன்று அவருக்குப் பிடித்திருந்தது.

அம்மா வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது. யாரு இது?"

"இன்னாம்மா, அப்பாதான்."

"உங்கப்பாவுக்கு எந்தக் கம்பெனிலடா அளவுத் தொப்பி குடுத்தாங்க? ஒரு கையில தொப்பியப் புடிச்சிக்கினு இன்னொரு கையிலதான் கேட்டத் தொறப்பாரு. கைய எடுத்தா லாரி எங்க கீதுன்னே தெரியாது அந்த மனுஷனுக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அடுப்படிக்குப் போய்விட்டார்.

வரையத் தெரியாத அந்தக் காலத்துப் பையன் பார்த்ததை வரைந்திருக்கிறான், இன்றைய ஸ்ரீதருக்குத்தான் மறந்துவிட்டது.

இப்போது பிளேடால் வெள்ளையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார், மூச்சுகூட விடாமல். முதல் கட்டத்தில் ஒரு கட்டைவிரல் வெளியே வந்துவிட்டது. அப்பாவின் விரலேதான். கண் கலங்கிவிட்டது. ஆனால் பாருங்கள், பிளேடு நின்றுவிட்டது. விரல் கொஞ்சம் நீளமோ என்று தலையைச் சாய்த்துப் பார்க்கிறார்.

நீங்கள் சிரிக்காதீர்கள். கல்லூரி மலரில் உங்கள் பெயரோடு வந்த கவிதையை உங்கள் பெண் எடுத்து வாசித்தபோது, அதே பெயரில் வகுப்பில் இன்னொருவர் இருந்தார் என்றீர்களே, அன்றைக்கே எங்களுக்குச் சந்தேகம், நீங்களும் இந்த இனம்தானோ என்று.