புளி போட்டுத் தேய்த்த பட்டாளம்

பெட்டியைத் திறந்த ராமமூர்த்தி உடனே அதை மூடி, மறுபடி திறந்து பார்த்தார். நான்கு வருஷத்துக்கு முன் வெளிநாட்டுப் பணிக்குப் போன அவருடைய அதிகாரி ராஜசேகரன், "கொஞ்சம் பத்திரமா வெச்சிருங்க" என்று ஒப்படைத்த ஈயச் சிப்பாய்கள் இருபத்து நான்கும் மஞ்சள் கூழில் புதைந்து கிடந்தன.

விரல் நீளம்கூட இல்லாத பொம்மைகள். மேஜையில் வரைபடம் விரித்துப் போர் விளையாட, அதிகாரி லண்டனில் படித்த காலத்தில் வாங்கியவை. மெத்தையாக வைத்திருந்த ஃபோம்தான் இப்போது பொடிந்து, உருகி, பிசுபிசுவென்று சிப்பாய்களின் கழுத்துவரை ஏறியிருந்தது. காற்றே படக்கூடாது என்று மூன்று பாலிதீன் உறை போட்டுக் கட்டி, கீசருக்கு மேல் பரணில் ஏற்றியவர் ராமமூர்த்தியேதான். ஆயுத பூஜை தவறாமல் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வேறு. திறந்து பார்க்க மட்டும் தோன்றவில்லை.

"ஜல்தி பண்ணுங்க சார். பதினோரு மணிக்குள்ள கொண்டாரச் சொன்னாரு சாஹிப்" என்றார் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த மூக்கன். ஊர் திரும்பிவிட்ட ராஜசேகரனுக்கு அன்றும் இன்றும் அவர்தான் டிரைவர்.

"இரு, இரு. தூசி தட்டிட்டுத் தரேன்."

ராமமூர்த்திக்கு ராஜசேகரன் வெறும் அதிகாரி இல்லை. ஏழு வருஷத்துக்கு முன் ஒரு ஜனவரிக் காலை, வலி கண்ட மனைவி வள்ளியம்மையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தில்லி கிட்வாய் நகர் முனையில் அவர் நின்றார். அந்தப் பனிமூட்டத்தில் ஓர் ஆட்டோவும் நிற்கவில்லை. நின்றது சாஹிபின் வெள்ளை அம்பாஸிடர்தான். மூக்கன் ஓட்டிவந்தார். ஆஸ்பத்திரி சேர்ந்த பத்தாவது நிமிஷம் கனிமொழி பிறந்தாள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்காது என்றார் டாக்டரம்மா.

மறுவாரம் ராமமூர்த்தி அதிகாரியின் அறைக்குப் போய், "உங்க உதவிய ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன் சார்" என்று கைகூப்பி அழுதார். ராஜசேகரன் ஃபைலிலிருந்து தலையை எடுக்காமல் "ம்" என்றார். செய்த உதவியைச் சொல்லிக்காட்டாத பெருந்தன்மையைக் கண்டு ராமமூர்த்தி உருகிப்போனார். அதன்பின் பொங்கலுக்குப் பொங்கல் அவர் வீட்டுக்கு ஒரு தூக்கு சர்க்கரைப் பொங்கல் போனது. மூக்கன் கையில்தான் கொடுத்தனுப்புவார்.

அப்பேர்ப்பட்டவருடைய பொருள் இப்படிக் கிடந்தால்?

பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தார். கழுத்தில் இருந்த பிசின் முகத்துக்கு ஏறியது.

"பலாப்பழப் பிசினுக்கு எண்ணெய்தானே தடவுவோம்?" என்று நல்லெண்ணெயோடு வந்தாள் வள்ளியம்மை. எண்ணெய் பட்டதும் கூழ் அல்வா பதத்துக்கு வந்து, பட்டாளமே ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக்கொண்டது.

மூக்கன் எட்டிப் பார்த்தார். "இப்படியே குடுத்துருங்க சார். அவரு பார்த்துக்குவாரு."

"நீ சும்மா இரு மூக்கா. இதோட அருமை உனக்கு எங்க தெரியப் போவுது!"

மூக்கன் திரும்பிப் போய்க் காபியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

எண்ணெய் போக, சீயக்காய் கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டார்கள். பிசின் விட்டது. கூடவே சிவப்புச் சட்டையும் நீலக் கால்சட்டையும் விட்டுத் தண்ணீரில் மிதந்தன. ராமமூர்த்தி பதறிப்போய்க் கண்ணாடியைத் தேட ஓடினார். திரும்பி வருவதற்குள் வள்ளியம்மை குத்துவிளக்கு தேய்க்கும் புளியை எடுத்து, ஒரு சிப்பாய் விடாமல் தேய்த்து முடித்திருந்தாள்.

"பாருங்க, வெள்ளி மாதிரி மின்னுது!"

"மீசை எங்கடி? கண்ணு எங்க? இவன் கத்தி எங்க?"

"கத்தி புளியோட வந்திருச்சு."

ஏழு வயது கனிமொழி ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். "அப்பா, இந்த சோல்ஜருக்கு மூஞ்சியே நஹி. நான் பேனாவால போடட்டுமா?" கேட்கும்போதே இரண்டு பேருக்குப் போட்டுவிட்டாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மணி பத்தே முக்கால். ராமமூர்த்தி தரையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். "என் வீட்டுல விளக்கு எரியறதே அந்த மனுஷனாலதான். அவருக்கு நான் செஞ்ச கைம்மாறு இதுதானா!"

கண்ணில் நீர் முட்டிவிட்டது. வள்ளியம்மையும் முந்தானையை எடுத்தாள்.

மூக்கன் எழுந்துவந்து சிப்பாய்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டு மூடினார். "டிக்கியில பெட்ரோல் கேன் கவுந்திருச்சு, பெயின்ட்டு கரைஞ்சிருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன் சார். நீங்க அழுவாதீங்க."

"எனக்காக நீ எதுக்குய்யா பொய் சொல்லணும்? உன் வேலை போயிருச்சுன்னா?"

மூக்கன் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கனிமொழியின் தலையை ஒருமுறை தடவினார்.

"பாப்பா பொறந்த அன்னிக்கே போகல, இப்பவா போயிரப் போவுது? வண்டி ஒர்க்‌ஷாப்புல நிக்குதுன்னு சாஹிப்கிட்ட ஒரு பொய்யச் சொல்லிப்புட்டுத்தான் அன்னிக்கு ஒங்கள ஏத்துனேன். பாவம் சார், சாஹிப் அந்தப் பனியில ஏர்போர்ட்டுக்கு ஆட்டோவுல போனாரு."