கட்டில் காலி, காற்றோட்டம் உண்டு

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

இங்கு நான் நலம். உங்கள் தங்கையை நீங்கள் நன்றாகவே கவனித்துக்கொள்வீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எனக்கென்று ஒரு கூரை தேடிக்கொள்ளாமல் உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்ன சொல்லில் இன்றும் உறுதியாக நிற்கிறேன் என்பதை முதற்கண் தெரிவித்துக்கொள்கிறேன்.

நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த வீட்டை நானே ஆள் பிடித்து விற்றுக்கொடுத்தேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறீர்களாம். வீட்டுத் தரகன் வேறு என்ன செய்வான்? வந்தவரிடம் ‘சும்மா பாருங்க சார்’ என்றுதான் ஆரம்பித்தேன், வாய் தானாக ஓடிவிட்டது. அவர் காலி வீடுதான் வேண்டும் என்றார், காலி செய்தோம். ஆனால் நல்ல விலை, மச்சான்.

அப்புறம் வீடில்லாதவர்களுக்காக மாநகராட்சி நடத்தும் காப்பகத்தில் சேர்ந்தேன். ஜன்னலோரக் கட்டில், போர்வை, ஒரு குறையும் இல்லை. ஆனால் பாதிக் கட்டில்கள் காலி. மூட்டை வைக்க இடமில்லை, குறட்டை தாங்கவில்லை என்று தெருவில் படுக்கிறவர்கள் உள்ளே வருவதில்லை. இதைப் பார்த்த மேலதிகாரி, ‘ஊர்ல வீடில்லாதவங்களே இல்ல போலிருக்கே, இழுத்துப் பூட்டிடலாம்’ என்று சொல்லிவிட்டுப் போனாராம். காப்பாளர் கண் கலங்கினார். பூட்டிவிட்டால் நான் எங்கே போவேன்? களத்தில் இறங்கிவிட்டேன்.

பாலத்தடிக்குப் போனேன். ‘அண்ணே, அட்வான்ஸ் இல்ல, வாடகை இல்ல, ஓனர் தொல்லை இல்ல. குறட்டையா? அது காவல்ணே, திருடன் கிட்ட வருவானா? கட்டிலுக்குக் கீழ ஒரு ஸ்டோர் ரூமே இருக்கு!’ காப்பகம் மளமளவென்று நிரம்பிக்கொண்டு வந்தது. மூட்டை தூக்குகிற ஒருவர் மட்டும் மிச்சமிருந்த கட்டில்களில் உட்கார்ந்து எழுந்து உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் என் கட்டிலைக் காட்டி, ‘இது யாரோடது?’ என்றார். தொழில் வேகம், மச்சான். ‘பார்ட்டி காலி பண்ணப் போறாருங்க. காத்து பிச்சுக்கிட்டுப் போகும். இன்னைக்கு விட்டா நாளைக்குக் கிடைக்காது’ என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே துண்டைப் போட்டுவிட்டார். மற்ற கட்டில்களும் அன்றைக்கே நிரம்பிவிட்டன.

காப்பாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ‘காப்பகத்தையே காப்பாத்திட்டீங்க சார். உங்களுக்குத்தான் இடமில்லாமப் போச்சு’ என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவரிடம் கமிஷன் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

நீங்கள் கவலைப்பட வேண்டாம். இரண்டு மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறேன். உங்களுக்குப் பாரமாக வரும் எண்ணம் அறவே இல்லை. உங்கள் தங்கையிடம் எதையும் சொல்ல வேண்டாம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
சொன்ன சொல் தவறாத
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உங்கள் கதவிடுக்கில் நானே தள்ளுகிறேன். வெளியே மழை. உள்ளே அவள் பேசுகிற சத்தம் கேட்கிறது, அவளைப் பார்க்காமல் இனி என்னால் முடியாது. தவிர, என்னைத் தரகன் என்று அடையாளம் கண்ட ஒருவர் குடையோடு வாசலுக்கு வந்து, ‘இந்த வீடு விலைக்கு வருமா?’ என்று கேட்டார். இன்னும் போகவில்லை. சீக்கிரம் கதவைத் திறக்கவும்.