படத்தில் விழாதவர்கள்

முதல் படம் முழுக்க வெள்ளையாக இருந்தது.

சூப்பர்வைசர் ரிமோட்டின் திரையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். வெள்ளைதான். லாரி இல்லை, அடுக்கு இல்லை, ஆள் இல்லை. நூறடி உயரத்தில் டிரோன் மட்டும் தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது.

"எவனோ கேமராவுல கை வச்சிருக்கான்," என்றார்.

கை வைத்தது அவரேதான். ஆனால் சந்தேகப்பட வேண்டியவர்களின் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கும் பழக்கம் அவருக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

அது டைல்ஸும் வாஷ்பேசினும் மொத்தமாக விற்கிற கிடங்கு. பின்பக்கத்து யார்டில் எட்டுப் பேர் லாரிக்குச் சரக்கு ஏற்றினார்கள். அந்த எட்டுப் பேரும் சேர்ந்து அவருக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. ஒருவன் கொட்டாவி விட்டால், அது இங்கே வந்து விட்ட கொட்டாவியா, வீட்டிலிருந்து மிச்சம் கொண்டுவந்ததா என்று விசாரிக்கிற மனிதர்.

திங்கட்கிழமை முதலாளியம்மா அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "யார்டுல ஒரு ஆள் அதிகமா இருக்குன்னு எனக்குத் தோணுது. வேலை செய்யாம நிக்கிறது யாருன்னு பாருங்க. வெள்ளிக்கிழமை காலையில பேரைக் கொடுங்க. ஆனா ஆதாரம் வேணும். உங்க சந்தேகத்தை வச்செல்லாம் யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது."

கடைசி வாக்கியம் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று மாலையே டிரோன் வாங்கிவிட்டார்.

வெள்ளைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு டிரோன் விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"ஐஎஸ்ஓ எவ்வளவு சார் வச்சிருக்கீங்க?"

"ஆயிரத்து அறுநூறு."

"நட்டநடு வெயில்லயா? நான் நூறுல வச்சுத்தானே கொடுத்தேன்?"

"அதைத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தேன். ஆயிரத்து அறுநூறு வரைக்கும் இருக்கும்போது எனக்கு மட்டும் ஏன் நூறு?"

கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். "சார், கேமரா வெளிச்சத்துக்கு எவ்வளவு ஆலாப் பறக்கணும்ங்கறது அது. வெயில்ல நூறு போதும். லென்ஸ் துவாரத்தையும் சின்னதாக்குங்க. ரெண்டு புள்ளி எட்டுல இருக்கும், பதினொன்னுக்குக் கொண்டு போங்க."

"ரெண்டைப் பதினொன்னு ஆக்கினா துவாரம் சின்னதாகுமா?"

"ஆகும் சார்."

"யாருகிட்ட கதை விடறே?"

ஆனாலும் செய்து பார்த்தார். துவாரம் சின்னதானது. இப்போது லாரிகள் மங்கலாகத் தெரிந்தன. வாஷ்பேசின் அடுக்குகளோ இன்னும் கண்ணைக் கூச வைத்தன. நேராகக் கடைக்கே போனார். கடைக்காரர் நகம் அளவில் சில கறுப்புக் கண்ணாடிகளை எடுத்து வைத்தார்.

"கேமராவுக்குக் கூலிங் கிளாஸ் மாதிரி சார். உங்களுக்கு இந்த லேசானது போதும்."

லேசானது போதும் என்று அவர் சொன்னதுதான் வினையாகிவிட்டது. நல்ல சரக்கை வேறு யாருக்கோ ஒதுக்கி வைக்கிறார் என்று சூப்பர்வைசருக்குப் புரிந்துவிட்டது. இருப்பதிலேயே கறுப்பான கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் எடுத்த படம் முழுக்கக் கறுப்பாக இருந்தது. மறுபடியும் போன்.

"அதைக் கழட்டிட்டு நான் சொன்னதைப் போடுங்க சார்."

"வேற வழி சொல்லுய்யா."

"வேற வழின்னா, ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வைக்கணும். அஞ்சு செகண்ட் வச்சா வெளிச்சம் சரியா வரும். ஆனா சார், அப்படி வச்சா..."

அடுத்து எதையோ தலையில் கட்டப் பார்க்கிறார் என்று சூப்பர்வைசர் போனை வைத்துவிட்டார்.

ஐந்து வினாடி வைத்தார். யார்டின் ஓரத்தில் நின்று, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினார். தான் ஆடினால் டிரோனும் ஆடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

படம் அற்புதமாக வந்தது. லாரியின் கயிறு தெரிந்தது. வாஷ்பேசினின் தண்ணீர்த் துளை தெரிந்தது. தரையில் கிடந்த ஆணி தெரிந்தது. எட்டுப் பேரில் ஏழு பேரைத்தான் காணவில்லை.

எட்டாமவன் மட்டும் இருந்தான். அவனைத் தூண் என்று கூப்பிடுவார்கள். லாரி நிழலில் சாய்ந்தபடி, கையில் டீ கிளாஸோடு பளிச்சென்று நின்றான்.

சூப்பர்வைசர் விசிலை ஊதினார். எட்டுப் பேரும் வந்து வரிசையில் நின்றார்கள். வியர்வை சொட்டச் சொட்ட நின்றார்கள்.

"எங்கேயிருந்து ஓடி வர்றீங்க?"

"இங்கதான் சார் இருந்தோம்."

"இங்கதான் இருந்தீங்களா!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு யாருக்கும் பிடிக்கவில்லை.

அன்று மட்டும் ஐந்து படம் எடுத்தார். ஐந்திலும் யார்டு வெறிச்சோடிக் கிடந்தது. அங்கங்கே புகைபோல ஏதோ படிந்திருந்ததை லென்ஸில் ஒட்டிய தூசி என்று துடைத்தார். துடைத்த பிறகும் இருந்தது. ஊதினார். அப்போதும் இருந்தது. விட்டுவிட்டார்.

ஒவ்வொரு முறை விசில் அடித்தபோதும் எட்டுப் பேரும் இருந்தார்கள். ஆக, சுவரில் எங்கோ ஓட்டை இருக்கிறது. மதியம் முழுக்க மதிற்சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே போனார். ஓட்டை கிடைக்கவில்லை. அதனால் அது மிகவும் திறமையாகப் போட்ட ஓட்டை என்று முடிவு செய்தார்.

வியாழக்கிழமைக்குள் பன்னிரண்டு படங்கள் சேர்ந்தன. தூண் ஒன்பதில் இருந்தான். மூன்றில் இல்லை. போனால் போகிறது, மனிதன் பாத்ரூம் போக வேண்டாமா என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். மற்றவர்களும் ஒன்றிரண்டு படங்களிலாவது தலைகாட்டினார்கள். ஒரு படத்தில்கூட இல்லாதது ஒரே ஒருத்திதான். ஃபோர்க்லிஃப்ட் அக்கா.

அக்கா மட்டும் இல்லை, அக்கா ஓட்டுகிற ஃபோர்க்லிஃப்டும் எந்தப் படத்திலும் இல்லை. அது தெரிந்தபோது சூப்பர்வைசருக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆள் ஓடுவது ஒரு பக்கம். கம்பெனி வண்டியையே ஓட்டிக்கொண்டு ஓடுவதா!

அவளைக் கூப்பிட்டு மேஜைமேல் படங்களைப் பரப்பினார்.

"ஏம்மா, வண்டியை எடுத்துக்கிட்டு எங்க போறே? வெளியில வாடகைக்கு ஓட்டுறியா?"

அக்கா படங்களைக் குனிந்து பார்த்தாள். தன்னையே காணாமல் தேடுவது ஒரு விசித்திரமான வேலை. அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

"சார், காலையில ஏறினா சாப்பாட்டுக்குத்தான் இறங்குறேன். ரெண்டு நாள்ல இருபத்திரண்டு லாரி போயிருக்கு. நான் இல்லைன்னா அதையெல்லாம் யார் ஏத்தினது?"

"அதைத்தான் நானும் விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்."

"ஏழு வருஷமா இங்க இருக்கேன் சார். வீட்டுக்காரருக்கு முதுகு போனதுலேருந்து ரெண்டு பிள்ளைங்களுக்கும் இந்த வேலைதான் சோறு. படத்தை வச்சு என்னை அனுப்பிடாதீங்க."

அவள் குரல் உடைந்தது. அவருக்கும் ஒரு நொடி மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. பிறகு, இந்த மாதிரி அழுகிறவர்கள்தான் வண்டியை வெளியே ஓட்டுவார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, ரிசப்ஷன் பெண்ணைப் பிடித்துப் பன்னிரண்டு படங்களையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கினார். அவள்தான் அவற்றைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் முதலாளியம்மா அறைக்கு வந்தாள். தாளில் ஃபோர்க்லிஃப்ட் அக்காவின் பெயரை அவர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். கீழே, தூணுக்கு உதவி சூப்பர்வைசர் பதவி தரலாம் என்று ஒரு சிபாரிசும் இருந்தது.

முதலாளியம்மா ஒவ்வொரு படமாகப் பார்த்தார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை.

"ஃபோர்க்லிஃப்ட் இல்லாம லாரியில எப்படிங்க சரக்கு ஏறும்? ஆளுங்களைப் படத்துலேருந்து அழிச்சிட்டீங்களா?"

"ஐயோ, நானா? சத்தியமா இல்லம்மா! வேணும்னா கடைக்காரரையே கேளுங்க."

முதலாளியம்மா உடனே கேட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அஞ்சு செகண்டா வச்சாரு?" என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வது இங்கே கேட்டது. "ஆனா சார்னு சொல்ல ஆரம்பிச்சேன், போனை வச்சுட்டாரும்மா! ஷட்டர் அவ்வளவு நேரம் திறந்திருந்தா நடக்கிறவங்க, ஓடுறவங்க, ஓடுற வண்டி எதுவும் படத்துல விழாது. மிஞ்சிப் போனா புகை மாதிரி ஒரு தீற்றல் இருக்கும். அந்த அஞ்சு செகண்டும் ஒரே இடத்துல நிக்கிறவங்கதான் தெளிவா விழுவாங்க."

முதலாளியம்மா படங்களை மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

"அப்போ பன்னெண்டு படத்துலயும் விழாத அந்தம்மா..." என்றார் மெதுவாக. "பன்னெண்டு தடவையும் வேலை செஞ்சிட்டு இருந்திருக்காங்க."

சூப்பர்வைசர் ஆடிப்போனார். ஆனால் மனிதர் கில்லாடி. சட்டென்று பேனாவை எடுத்து அக்காவின் பெயரை அடித்தார். சிபாரிசையும் அடித்தார். மேலே கொட்டை எழுத்தில் தூண் என்று எழுதினார்.

"எனக்கு அவன் மேல முதல் நாள்லேருந்தே சந்தேகம்மா! எப்ப எடுத்தாலும் அசையாம நிக்கிறான் பாருங்க. ஆதாரம் கையில இருக்கு. இப்பவே கூப்பிட்டுச் சொல்லிடட்டுமா?"

முதலாளியம்மா தாளைக் கையில் வாங்கினார்.

"இல்லம்மா," என்றாள் ரிசப்ஷன் பெண், படங்களைச் சரிபார்த்து அடுக்கிக்கொண்டே. "தூண் அண்ணன்கூட மூணு படத்துல காணோம். பன்னெண்டுலயும் ஆடாம அசையாம நிக்கிறது நம்ம சூப்பர்வைசர் சார் ஒருத்தர்தான்."