குமுளிக் கோயிலில் என் முதுகு

கல்யாண மாப்பிள்ளையின் முதுகை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நம்பி மோசம் போனவன் நான். எல்லோரும் முகத்தைத்தானே பார்ப்பார்கள்! (அதிலும் பார்க்க ஒன்றுமில்லை, அது வேறு விஷயம்.)

எழுபதுகளில் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தேன். கல்யாண வாரத்தில் வீரத்தைக் காட்டுகிறேன் என்று தனியாளாக மூட்டையைத் தூக்க, முதுகு பிடித்துக்கொண்டது. தாலி கட்டியதும் பெரியவர்கள் காலில் விழ வேண்டுமே! விழாவிட்டால் திமிர் பிடித்த மாப்பிள்ளை. விழுந்து எழாவிட்டால் கிழட்டு மாப்பிள்ளை. எப்படியும் மானம் கப்பலேறிவிடும்.

கடையில் கூட வேலை பார்த்த முருகேசன்தான் கம்பத்தில் ஒரு வைத்தியரைச் சொன்னான். "முதுகுல கிளாசு வச்சுக் கெட்ட ரத்தத்த எடுத்துருவாக. எறும்பு கடிச்ச மாதிரித்தான் இருக்கும்."

என்ன எறும்போ! குப்புறப் படுத்தேன். வைத்தியர் கண்ணாடி டம்ளருக்குள் காகிதத்தைக் கொளுத்திப் போட்டு முதுகில் கவிழ்த்தார். தோல் அப்படியே டம்ளருக்குள் ஏறிக்கொண்டது. இவ்வளவுதான் என்று மூச்சு விட்டேன். (முட்டாள்!) டம்ளரை எடுத்துவிட்டு, வீங்கிய இடத்தில் பிளேடால் சின்னச் சின்னதாகக் கீறினார். மறுபடி டம்ளர். இந்தத் தடவை ரத்தம் இறங்கியது, கட்டி கட்டியாக, கறுப்பாக, ஆட்டு ஈரல் மாதிரி. அதை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாத்தீகளா தம்பி?"

பார்த்தேன். அதற்குப் பிறகு எதையும் பார்க்கவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள்.

"இன்னைக்குக் குளிக்காதீக. தடம் மறைய நாளாகும்" என்றார் வைத்தியர்.

"தடமா? எனக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம்யா!"

"சட்டைக்குள்ளதான இருக்கப்போகுது."

நியாயமாகத்தான் பட்டது.

பெண் வீடு குமுளி, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம். கல்யாணமும் அங்குள்ள கோயிலில்தான். மாலையும் கழுத்துமாக வாசலில் நின்றவனிடம் கோயில்காரர் சொன்னார்: "ஷர்ட்டு ஊரணும்."

அந்தப் பக்கத்துக் கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எனக்குத் தெரியாததா? அன்றைக்குப் பார்த்து மறந்து தொலைந்தது. கழற்றினேன். மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"ஆத்தாடி! மாப்பிள்ளைக்கு முதுகெல்லாம் சீக்கு!" என்று பெண்ணின் அத்தை வாயிலடித்துக்கொண்டார்.

மாமனார் ஆகவேண்டியவர் முகம் கறுத்தது. "தாலிய அங்கன வைங்க. எங்கள ஏமாத்திப்புட்டீக."

பெண் பார்த்த நாளிலிருந்து செல்வியைத் தவிர வேறு நினைப்பே இல்லாதவன் நான். "சீக்கு இல்ல மாமா, சத்தியமா!" என்று நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தேன். விழுந்தேனா, எழ முடியவில்லை. பார்க்காமல் விட்டவர்களும் இப்போது சௌகரியமாக என் முதுகைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

கொலுசுச் சத்தம் கேட்டது. செல்வி குனிந்து ஒரு தடத்தை விரலால் அமுக்கினாள். கத்திவிட்டேன்.

"அப்பா, எல்லா வட்டமும் ஒரே அளவுல இருக்கு பாருங்க. சீக்கு அளவெடுத்தா வரும்? கிளாசு வச்சு ரத்தம் எடுத்திருக்காக" என்றவள், மாலை குலுங்கச் சிரித்தாள். அவள் சிரித்ததும் அவள் அப்பாவும் சிரித்துவிட்டார். இரண்டு பேர் என்னைத் தூக்கி நிறுத்த, தாலி கட்டினேன்.

முதுகுவலி இன்றும் போகவில்லை. தடம் மட்டும் போய்விட்டதா என்ன? எங்கள் வீட்டு மேசையில் காபி டம்ளரை வைத்து எடுத்தால் வட்டமாக ஈரம் படியுமே, அதற்குச் செல்வி வைத்த பெயர் 'மாப்பிள்ளை முதுகு'. வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத மருமகள், நேற்று கையில் துணியோடு நின்று உள்ளே குரல் கொடுக்கிறாள்:

"அத்த, இங்கன ரெண்டு மாப்பிள்ளை முதுகு கெடக்கு. தொடைச்சிரவா?"