புங்கமரத்தடித் தும்மல் அறிக்கை

எங்கள் பக்கத்தில் ஓர் இனம் பெருகி வருகிறது. தும்மல் முன்னறிவிப்பாளர் இனம். நாளைக்கு மழை வருமா என்று இவரைக் கேட்காதீர்கள், தெரியாது. மீன் படுமா? அதுவும் தெரியாது. காலையில் எத்தனை தும்மல் வரும் என்று மட்டும் கேளுங்கள், விரல் மடக்கிச் சொல்வார்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். பல் விளக்குவதற்கு முன் போனைத் திறப்பார். "மரம் அதிகம், புல் மிதம், களை குறைவு" என்று காற்றில் கலந்த மகரந்தத்துக்கு அதில் கணக்கு வரும். ராசிபலன் படிப்பதுபோல் அதைப் பெண்டாட்டிக்கு வாசித்துக் காட்டுவார், அவள் கேட்கவில்லையென்றால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வாசிப்பார், அவர்களும் கதவைச் சாத்திக்கொண்டால் வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் போட்டு நாற்பது பேரை எழுப்புவார். தனக்குச் சளி என்று மட்டும் சாகிறவரை சொல்லமாட்டார். சளி ஊரில் எல்லோருக்கும் வருவது. இவருக்கு வந்தால் அது அலர்ஜி.

யார் அவர் என்கிறீர்களா? காலையில் நான் முகம் கழுவும்போது கண்ணாடிக்குள் தெரிகிறாரே, அவர்தான். பெயர் சிங்காரம். தொழில், கோவளம் ஸ்டாண்டில் ஆட்டோ.

எங்கள் ஊரில் விடிகாலைக் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும், மதியத்துக்குமேல் கடலிலிருந்து திரும்பி வரும். அதைப் பார்த்து மற்றவர்கள் படகு தள்ளினார்கள். நான் அதே காற்றைப் பார்த்து, நாற்பது கிலோமீட்டர் தள்ளி எந்த வயலில் எந்தப் புல் பூத்திருக்கும் என்று துப்பறிந்தேன்.

"இன்னா அண்ணாத்த, இன்னிக்கு எப்டி கீது?" என்பான் தர்மராஜ். எனக்கு அடுத்த வண்டிக்காரன்.

"போன்ல மரம் செவப்புல கீதுடா. ஒம்போது தும்மலுக்குக் கொறையாது."

சொல்லி வாய் மூடுவதற்குள் அவனே ஒரு தும்மல் போடுவான். பலித்துவிட்டதல்லவா? ஒன்பது சொல்லி மூன்றுதான் வந்தால், காற்று திரும்பிவிட்டது என்பேன். பதினைந்து வந்தால், நான் அப்போதே சொல்லவில்லையா என்பேன். இந்தத் தொழிலில் தோற்கவே முடியாது.

ஆனால் முன்னறிவிப்பாளர் இத்தோடு நிற்கமாட்டார். அவருக்கு ஒரு குற்றவாளி வேண்டும். எனக்குத் தலைக்கு மேலேயே கிடைத்தது.

எங்கள் ஸ்டாண்டுக்கு நிழல் ஒரே ஒரு புங்கமரம். அதனடியில் பதினாறு வருஷமாக சாராள் அக்கா இட்லிக் கடை போட்டிருக்கிறார். பங்குனியில் அந்த மரம் பொரி கொட்டுவதுபோல் பூக் கொட்டும். நான் தும்முவதும் அங்கேதான். இதற்குமேல் சாட்சி எதற்கு? மனு எழுதினேன். என்னையும் சேர்த்து நாற்பத்தொரு தும்மல்காரர்கள் கையெழுத்து. ஊராட்சி அலுவலகத்தில், வெள்ளிக்கிழமை மரம் வெட்ட ஆள் வரும் என்றார்கள்.

சாராள் அக்கா கரண்டியோடு எழுந்து வந்தார்.

"யோவ் சிங்காரம், மரம் போச்சுன்னா வெயில்ல எவன்யா இட்லி துன்ன வருவான்? நான் எங்க குந்தட்டும், உன் மூக்கு மேலயா?"

"இது சைன்ஸுக்கா."

"உன் சைன்ஸுல மண்ண போட! அதுக்கும் சேத்து ரெண்டு இட்லி துன்னுட்டுப் போ."

தின்றேன். கையெழுத்துப் போட்ட நாற்பத்தொரு பேரும் அங்கேதான் தின்றார்கள்.

இடையில் செவ்வாய்க்கிழமை, படாளத்தில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போனோம். அங்கே நாலு பக்கமும் வயல், வரப்பெல்லாம் பூத்த புல். போன் சிவந்துபோய்க் கிடந்தது. எனக்கோ ஒரு தும்மல் இல்லை. ரெண்டு நாள். ஒன்றுகூட இல்லை.

"இன்னாய்யா, சத்தமே காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று யோகேஸ்வரியே பயந்துவிட்டாள். பதினெட்டு வருஷம் குடித்தனம் பண்ணியவள் அல்லவா? நானும் பயந்தேன். போனில் கோளாறு என்று ஒருமுறை அணைத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டாண்டுக்குத் திரும்பினேன். வழக்கம்போல சீட்டுக்கு அடியிலிருந்து மஞ்சள் துணியை உருவி, கண்ணாடி, சீட்டு, பின்பக்கம் எல்லாம் அடித்துத் துடைத்தேன். பிறகு, மகரந்தக் காலமாயிற்றே, அதே துணியை நாலாக மடித்து மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். வந்தது முதல் தும்மல். கூடவே இன்னும் நாலு.

"பாத்தியாக்கா! படாளத்துல ஒண்ணு இல்ல. மரத்தாண்ட வந்ததும் அஞ்சு!"

சாராள் அக்கா இட்லித் தட்டைக் கீழே வைத்தார். "இன்னாது மூஞ்சில?"

"பாதுகாப்புக்கா. மாசியில சளி... அலர்ஜி வந்ததுலேர்ந்து கட்டிகினு கீறேன்."

"இப்ப அதால இன்னா தொடச்ச?"

"வண்டிய."

"தொவச்சு எத்தினி நாளாச்சு?"

நான் விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தேன். அக்காவோ துணியை என் முகத்திலிருந்து அவிழ்த்து, பஸ் நிறுத்தக் கம்பத்தில் ஓங்கி ஒரு அறை அறைந்தார். ஈசிஆர் ரோட்டில் ஒரு மாதமாகப் பறந்த புழுதி மொத்தமும் அதிலிருந்து எழுந்தது. தர்மராஜ் முன்னறிவிப்பே இல்லாமல் ஏழு தும்மினான்.

தும்முவதால் துணி கட்டினேன். துணி கட்டியதால் தும்மினேன். தும்மத் தும்ம இன்னும் இறுக்கிக் கட்டினேன். சரி, மற்ற நாற்பது பேர் ஏன் தும்மினார்கள்? தும்முவார்கள் என்று நான் சொன்னேன், பாவம், மரியாதை தெரிந்தவர்கள்.

பத்து மணிக்கு ரம்பத்தோடு ஆட்கள் வந்தார்கள்.

"மனு குடுத்தது யாருங்க?"

முதல் கையெழுத்துப் போட்ட தர்மராஜ் உட்பட அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். சாராள் அக்கா பார்க்கவில்லை. அடுப்பையும் கவனிக்கவில்லை. இட்லிக் குண்டானை ஒட்டி, மரத்துக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டார்.

இத்தனை நாள் விழுங்கிக்கொண்டிருந்த வார்த்தையை அன்றைக்குத்தான் சொன்னேன்.

"சாதா சளி சார். மரம் ஒண்ணும் பண்ணல. போய்ட்டு வாங்க."

அவர்கள் திட்டிக்கொண்டே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நிழல் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். மஞ்சள் துணி இப்போது துவைத்து அந்த மரக் கிளையிலேயே காய்கிறது. ஆளுக்கு ஆள் அதைக் காட்டிச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

நீங்களும்தான் சிரித்தீர்கள். அதெல்லாம் இருக்கட்டும், இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து உங்கள் மூக்கு லேசாக அரிக்கிறதா இல்லையா? தேய்த்துவிட்டீர்களா? அப்படியே வாசலில் நிற்கும் மரத்தை ஒரு பார்வை முறைத்தும் இருப்பீர்களே? கொஞ்சம் பொறுங்கள். முதலில், மூக்கைத் தேய்த்தீர்களே அந்தத் துணி, அதைக் கடைசியாக எப்போது துவைத்தீர்கள்?