சவச் சங்கத்துக் குதிரைகளும் வாத்துக் கழுத்தும்

மியூனிக், 1923 நவம்பர் 10, சனிக்கிழமை

தங்கை ஒட்டீலியாவுக்கு அக்கா வால்புர்கா எழுதுவது. நீயும் உன் மாடுகளும் நலமா என்று கேட்பது முறை, அதனால் கேட்கிறேன். பதில் எழுத வேண்டாம். தபால்தலை விற்கிற விலைக்கு நம் அப்பா அந்தக் காலத்தில் தோட்டத்தோடு வீடு வாங்கியிருப்பார்.

நாளைய மார்ட்டின் திருநாளுக்கு வாத்து வறுக்கிறேன், வா என்று எழுதியிருந்தாய். வரமாட்டேன். பதினான்கு வருடத்துக்கு முன்னால் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தோமே, அன்று செவ்வாய்க்கிழமை, வெளியே மழை. வாத்தின் ஒரு தொடை பாதிரியாருக்குப் போனது, இன்னொன்று உன் நாத்தனாருக்கு. மூத்த மகள் எனக்கு நீ வைத்தது கழுத்து. நீலக்கரை போட்ட தட்டு, அதில் ஒரு விரிசல்கூட இருந்தது. நீ மறந்திருப்பாய்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. என் வீட்டுக்காரர் அலோய்ஸ் போனார், மகன் பென்னோவைப் போர் கொண்டுபோனது, மருமகள் பேரப்பிள்ளைகளோடு பிரேசிலுக்குக் கப்பல் ஏறிவிட்டாள், வீடு விசாலமாக இருக்கிறது. காலையில் கை பழக்கத்தில் இரண்டு கோப்பை எடுத்து வைக்கிறது, கழுவுவதற்கு ஒன்றுதான், வேலை மிச்சம். நேற்று யாரோ கதவைத் தட்டினார்கள். தட்டும் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்றோ, அடுப்புதான் வெடிக்கிறது என்று நினைத்துவிட்டேன். வந்தவர் எங்கள் சவ அடக்கச் சங்கத்துப் பொருளாளர் ரைட்மயர். தேக்கைவிடக் கெட்டியான ஓக் மரப்பெட்டி, இரண்டு கறுப்புக் குதிரை, நான்கு பேர் ஊதுகிற வாத்தியம், எல்லாம் எனக்கென்று முப்பத்தெட்டு வருடம் சந்தா கட்டியிருக்கிறேனே, அந்தச் சங்கம். அதைக் கலைத்துவிட்டார்களாம். குதிரைகளைக் கசாப்புக்காரனுக்கு விற்று உறுப்பினர்களுக்குப் பங்கு போடுகிறார்களாம். என் பங்கை ஒரு துணிப்பை நிறைய, மணிக்கு மணி மதிப்பு இறங்குகிற நோட்டுகளாகக் கொண்டுவந்திருந்தார். அப்படியானால் நான் சாகப்போவதில்லை, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். மனிதர் சிரிக்கவில்லை.

"அம்மா, மத்தியானத்துக்குள்ள எதையாவது வாங்கிடுங்க. அப்புறம் இது அடுப்பெரிக்கத்தான் ஆகும்" என்றார்.

ஓடினேன். இந்த முழங்காலோடு ஓடினேன். முந்தின நாள் ஏதோ பீர்க்கூடத்தில் ஆட்சியைக் கவிழ்த்தார்களாம், எந்த ஆட்சியை என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ரொட்டிக்கடை பூட்டு, உருளைக்கிழங்குக்காரன் பூட்டு, பொத்தான் கடைகூடப் பூட்டு. கொடி பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போனது. ஒருவன் என்னைப் பார்த்து, நாட்டைக் காப்பாற்றப் போகிறோம் பாட்டி என்றான். முதலில் என் காலிலிருந்து இறங்கு என்றேன். அப்புறம் சதுக்கத்துப் பக்கம் துப்பாக்கிச் சத்தம், எல்லாரும் சிதறினார்கள். நான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் போய்ப் போய் நின்ற இடம் ரயில் நிலையம். திறந்திருந்தது பயணச்சீட்டு ஜன்னல் ஒன்றுதான்.

"எந்த ஊரும்மா?"

"எந்த ஊரானா என்ன, சீக்கிரம் குடு. பணம் செத்துக்கிட்டிருக்கு."

"பேர் சொல்லாம நான் எதை அடிக்கிறது?"

எனக்கு உன் ஊரை விட்டால் வேறு ஊர்ப் பெயர் தெரியாது, ஹோல்ட்சிங் என்றேன். அவ்வளவுதான், நீயாக ஒன்றும் கற்பனை செய்யாதே. பையை எண்ணிவிட்டு, "இது போறதுக்குத்தான் காணும், திரும்பி வர்றதுக்குக் காணாது" என்றான். சரி என்றேன். ஆக, என் பெட்டியும் குதிரையும் வாத்தியமும் சேர்ந்து நான்காம் வகுப்பில் ஒரு மரப்பலகை. வீணாகப் போகட்டும். சீட்டைச் சூசையப்பர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன்.

எனவே எனக்காகக் காத்திருக்காதே. மாதா உன் கூரையையும் கோழிகளையும் காக்கட்டும். உன் நாத்தனார் உயிரோடிருந்தால் அவளையும் காக்கட்டும், கடைசியாக.

உன் அக்கா,
வால்புர்கா

பின்குறிப்பு: தபால் நிலையத்தில் ஒன்றரை மணிநேரம் நின்றேன். என் முறை வருவதற்குள் தபால்தலை விலை ஏறிவிட்டது, கையில் இருந்தது போதவில்லை. கடிதத்தை எழுதி முடித்த பிறகு கிழிக்க மனமில்லை, நானே கொண்டுவந்து கையில் தருகிறேன். நான் சாப்பிடும்போது உட்கார்ந்து படி. வண்டி நாளைக் காலை பத்தரைக்கு வந்து சேரும். சிறகுமெத்தையைக் கொண்டுவருகிறேன், அடுப்புப் பக்கம் இடம் ஒழித்து வை. கழுத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே. அன்றைக்கு அது நன்றாகத்தான் இருந்தது.